குவிமாடமும் குடிசையும்

தோழா!

கேள்விகளில் இரண்டு வகை உண்டு. மேடையில் நின்று நாம் கேட்பது ஒன்று; மேடையைவிட்டு இறங்கியதும் நம்மைப் பிறர் கேட்பது மற்றொன்று. முதல் வகைக்குக் கைதட்டலே விடையாகிவிடும். இரண்டாம் வகைக்கு உண்மை ஒன்றுதான் விடையாக முடியும். அத்தகைய கேள்வி ஒன்றைப் புதூர்நாட்டிலிருந்து சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். அதன் பாதிச் சுமையை இன்று உன் தோளுக்கு மாற்றுகிறேன், பொறுத்துக்கொள்.

புதூர்நாடு எங்கே என்கிறாயா? திருப்பத்தூர் மாவட்டத்தில், சவ்வாது மலையின் மேலே. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று அங்கே மூன்று மலைநாடுகள். பெயரிலே நாடு, ஆனால் நெடுநாள் எவரும் நாடாது விட்ட ஊர்கள்! சாமை விளையும் சரிவுகள், புளியும் பலாவும் நிழல் விரிக்கும் பாதைகள், அவற்றினூடே மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். மலையை ஆள்வோர் என்று பொருள் சொல்லி மகிழலாம். ஆள்வோரின் பிள்ளைகள் கூலி தேடி மலையிறங்குவதைக் கண்டால் அந்த மகிழ்ச்சி நில்லாது.

அங்கே ஒரு கூட்டம். ஒரு மணி நேரம் பேசினேன். "படியுங்கள்! படிப்பு ஒன்றே எவரும் பறிக்க முடியாத பட்டா!" என்றேன். நல்ல கைதட்டல். கூட்டம் கலைந்த பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண், தந்தையின் பின்னால் பாதி மறைந்தபடி வந்து நின்றாள்.

"அண்ணா, காவலூர்ல பெரிய தொலைநோக்கி இருக்கே, அதுல பாக்கிறவங்க என்ன படிச்சவங்க?"

"இயற்பியல், அம்மா. அதிலும் வான் இயற்பியல்."

"அதுக்கு எவ்வளவு செலவாகும்? படிச்சா வேலை கிடைக்குமா?"

நான் வாய் திறப்பதற்குள் தந்தை சொன்னார்: "ரெண்டு வருசம்னா எப்படியாச்சும் தாங்கிடுவோம் ஐயா. அதுக்கு மேல வீடு தாங்காது."

ஒரு மணி நேரம் முழங்கியவன், தோழா, ஒரு நிமிடம் ஊமையானேன். காரணம் உண்டு. நானும் இயற்பியல் மாணவனாகக் கல்லூரிக்குள் நுழைந்தவன்தான். இரண்டாம் ஆண்டிலே வெளியேறினேன். பாடம் என்னை விரட்டவில்லை, கட்டணமும் விரட்டவில்லை. தந்தை படுக்கையில் விழுந்தார். வீட்டிலே உலை ஏற்ற ஒருவன் சம்பாதிக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் நாடகம் எழுதிப் பெயர் கிடைத்ததும், "கல்லூரியைத் துறந்தவன்" என்று மேடையிலே பெருமையாகச் சொல்லிக்கொண்டதுண்டு. துறந்தேன் என்பது பொய். துறப்பதற்கு முதலில் உரிமை இருக்க வேண்டும். எனக்கு இருந்தது இயலாமை.

ஆகவே, அன்றிரவு அந்தத் தந்தைக்கும் மகளுக்கும் நான் சொல்லத் தவறிய விடையை இன்று எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண் கண்ட கனவு என்ன என்று பார். புதூர்நாட்டைத் தாங்கும் அதே சவ்வாது மலைத்தொடரில், ஆலங்காயத்தை அடுத்து இருக்கிறது காவலூர். வேணு பாப்பு என்னும் வானியல் அறிஞர் இருள் சூழ்ந்த அந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்து, 1960களின் இறுதியில் அங்கே வான் ஆய்வைத் தொடங்கினார். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும் பகுதியும் அங்கிருந்து தெரியும். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அவ்வாண்டே, வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடைச் சுற்றி மெல்லிய காற்றுமண்டலம் இருப்பதற்கான அறிகுறி அங்கே கண்டறியப்பட்டது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1986இல் நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, இந்நாட்டிலேயே வடிவமைத்து இந்நாட்டுக் கரங்களே செய்து முடித்தது. அதனைக் காணாமலே 1982இல் கண்மூடிய பாப்புவின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

ஊரின் பெயரைக் கவனித்தாயா? காவல் ஊர்! வானத்துக்குக் காவல் இருக்கிறது அந்த வெள்ளைக் குவிமாடம். மலையடியில் இருக்கும் குடிசைக்குத்தான் காவல் இல்லை. குவிமாடத்தின் அடியில் பிறந்த பிள்ளை குவிமாடத்துக்குள் நுழைய என்ன விலை கேட்கிறார்கள்? கணக்குப் பார்ப்போம், வா.

பட்டப்படிப்பு மூன்றாண்டு. முதுகலை இரண்டாண்டு. அதன்மேல் முனைவர் பட்ட ஆய்வு ஐந்து அல்லது ஆறு ஆண்டு. பதினேழு வயதில் தொடங்கினால், பட்டம் கைக்கு வரும்போது இருபத்தெட்டு. அரசுக் கலைக் கல்லூரியில் படித்தால் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். "அவ்வளவுதானே!" என்பாய். அங்கேதான், தோழா, கணக்குப் புத்தகம் நம்மை ஏமாற்றுகிறது.

அந்தப் பெண் திருப்பூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போனால் நாளொன்றுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள். மாதம் 25 நாள், 12,500 ரூபாய். ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம். பட்டமும் முதுகலையும் முடிக்கும் ஐந்தாண்டில் ஏழரை இலட்சம் ரூபாய்! அந்த வீடு இழக்கும் பணம் அது. எந்தக் கல்லூரியும் அதற்கு இரசீது தருவதில்லை. எந்த அதிகாரியும் அதைக் கல்விச் செலவென்று எழுதுவதில்லை. கட்டணம் சில ஆயிரம். காத்திருப்பின் விலை ஏழரை இலட்சம். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் காத்திருப்பு இலவசம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதுவே பெருங்கட்டணம்.

காத்திருக்க முடியாத வீடுகள் என்ன ஆகும் என்பதை இந்த மலை நன்கறியும். 2015 ஏப்ரல் 7ஆம் நாள், ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தோர் என்று சொல்லி 20 பேர் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். சவ்வாது மலைத்தொடரைச் சேர்ந்தோரும் அவர்களில் இருந்தனர். நாளைக் கூலிக்காக இன்றைய உயிரைப் பணயம் வைக்கும் வீட்டினரிடம், "பதினோரு ஆண்டு பொறு" என்று சொல்ல எந்தப் பேச்சாளனுக்கு நாக்கு எழும்?

ஆனால் இதே கணக்கின் மறுபக்கத்தையும் பார். தகுதித் தேர்வில் வென்று ஆய்வு மாணவராகச் சேர்ந்தவருக்கு நடுவண் அரசின் உதவித்தொகை உண்டு. 2023 சனவரி முதல் அது முதல் ஈராண்டுக்கு மாதம் 37,000 ரூபாய்; பிறகு 42,000. ஈராண்டுத் தொகை மட்டும் 8,88,000 ரூபாய். ஐந்தாண்டில் வீடு இழந்த ஏழரை இலட்சத்தை அந்த ஈராண்டே ஈடுகட்டிவிடும்! பழங்குடி மாணவர்களுக்கென்று ஆண்டுக்கு 750 ஆய்வு உதவித்தொகைகள் கொண்ட தேசியத் திட்டமும் இருக்கிறது.

அப்படியானால் சிக்கல் எங்கே? ஆற்றின் மறுகரையிலே விருந்து வைத்திருக்கிறோம். கடக்க ஓடம் வைக்கவில்லை. ஆய்வுக்கு வந்து சேர்ந்தவருக்கு உதவி உண்டு. பதினேழு வயதுக்கும் இருபத்திரண்டு வயதுக்கும் இடையே ஓடும் அந்த ஐந்தாண்டு வெள்ளத்தில்தான் ஏழைப் பிள்ளை அடித்துச் செல்லப்படுகிறான். நான் அடித்துச் செல்லப்பட்டதும் அங்கேதான்.

நம் அறிவியல் வரலாறு சொல்லும் பாடமும் இதுவே. சி. வி. இராமன் 1907இல் சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை முடித்தார். இயற்பியலை நம்பி வாழ வழியில்லாத காலம் அது. நிதித்துறைத் தேர்வு எழுதிக் கல்கத்தாவில் கணக்கு அதிகாரியானார். பகலிலே கணக்கு, இரவிலே கருவி! பத்தாண்டு அப்படி ஓடிய பிறகுதான் 1917இல் பேராசிரியர் நாற்காலி கிடைத்தது. அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர், 1930இல் அரசு தந்த உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் சென்றார். காவலூரைக் கண்ட வேணு பாப்புவும் ஐதராபாத் அரசின் உதவியால்தான் ஆர்வார்டுக்குப் போனார்.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். 1988 பிப்ரவரியில் காவலூரிலிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு இராமானுசன் பெயரைச் சூட்டினார்கள். யார் அந்த இராமானுசன்? கல்லூரித் தேர்வில் தோற்றவர். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக அமர்ந்தவர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்து அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பியது. மேதைமையை அந்த 75 ரூபாய் தரவில்லை. அது அவரிடமே இருந்தது. வயிற்றைப் பற்றிக் கவலைப்படாமல் சிந்திக்கக் கொஞ்சம் காலத்தை வாங்கித் தந்தது. இன்று வானத்திலே அவர் பெயரில் ஒரு கல் சுற்றுகிறது. 75 ரூபாய் கிடைக்காமல் எழுத்தராகவே முடிந்துபோன இராமானுசன்கள் எத்தனை பேரோ! அவர்கள் பெயரில் ஒரு தெருக்கூட இல்லை.

சரி, படித்து முடித்தால் வேலை? அந்தப் பெண்ணிடம் சர்க்கரை தடவிப் பேச நான் விரும்பவில்லை. வானை ஆய்வதையே தொழிலாகத் தரும் நிறுவனங்கள் இந்நாட்டில் மிகச் சில: பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம், பூனாவின் ஆய்வு மையம், மும்பையின் டாட்டா நிறுவனம், நைனித்தாலில் ஒன்று எனப் பெரும்பாலானவற்றை விரல்விட்டு எண்ணலாம். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் ஈராண்டு இங்கே, ஈராண்டு வெளிநாட்டில் என்று தற்காலிக ஆய்வுப் பணி. நிலையான நாற்காலி கிடைப்பதற்குள் முப்பத்தைந்து வயதைத் தொடுவோர் பலர். கிடைக்காமலே திரும்புவோரும் உண்டு. கல்லூரி ஆசிரியராகலாம் என்றால், கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் கௌரவத்தை மட்டும் கொடுத்து நிலையான ஊதியத்தை ஒத்திவைக்கும் வழக்கம் வாயிலிலே நிற்கிறது.

எனினும் கதவு அது ஒன்றே அன்று. தொலைநோக்கியைச் சுற்றி நிற்கும் தொழில்களை எண்ணிப் பார். ஆடியைத் தேய்ப்பவர், ஒளியைப் பிரிக்கும் கருவியைச் செய்பவர், மின்னணு அமைப்பவர், இரவெல்லாம் குவியும் தரவைக் கணினியில் அலசுபவர் என எத்தனை பேர்! 2023 செப்டம்பர் 2ஆம் நாள் கதிரவனை நோக்கிக் கிளம்பிய ஆதித்யா விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியது, காவலூரை நடத்தும் அதே வானியற்பியல் நிறுவனந்தான். இந்தத் திறன்களுக்கு விண்வெளித் துறையிலும், மருத்துவக் கருவித் தொழிலிலும், கணினித் துறையிலும் இடமுண்டு. முதுகலையோடு கல்வியியல் பட்டமும் பெற்றால் மேல்நிலைப்பள்ளி ஆசிரியர் தேர்வு இருக்கிறது. விண்மீனைப் பார்க்கப் புறப்பட்டவர் எல்லாரும் விண்மீனை அடைவதில்லை. ஆனால் வழியிலே கற்ற வித்தை வெறுங்கையோடு விடுவதில்லை.

ஆகவே, தோழா, "படி" என்று சொல்வதோடு நம் கடமை தீராது. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்கல்விக்கு 2021இலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் தந்தோம். கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்க வழி செய்தோம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் தொழிற்கல்விக்கென்றே வந்தது. நல்ல செயல்கள், வாழ்க! ஆனால் அறிவியலின் வேராகிய இயற்பியலைப் படிக்க வருபவள் செய்த பிழை என்ன? கிளைக்கு நீர் ஊற்றி வேரைக் காயவிடுவது எந்த ஊர்த் தோட்டக்கலை?

2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி புகுந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது. அந்தப் பாதை சரியானது, தொலைவுதான் போதவில்லை. வீடு இழப்பதோ மாதம் 12,500. மலையிலிருந்து அடிப்படை அறிவியல் படிக்க வரும் பிள்ளைக்கு, விடுதியும் உணவும் போக, வீட்டுக்கும் கைகொடுக்கும் அளவில் ஐந்தாண்டு உதவி வேண்டும். ஆய்வு உதவித்தொகை ஒன்றாம் தேதி வங்கியில் விழ வேண்டும். மாதக்கணக்கில் தாமதமாவதை எதிர்த்து ஆய்வு மாணவர்கள் வீதிக்கு வரும் நிலை ஒழிய வேண்டும். கல்லூரிகளின் காலிப் பணியிடங்கள் நிலையான பணியிடங்களாக நிரம்ப வேண்டும். முதுகலைக்கு ஜாம், ஆய்வுக்கு ஜெஸ்ட், நெட் என்று தேர்வுகள் இருப்பதை மலைப்பள்ளியின் கரும்பலகையிலே எழுதிவைக்க வேண்டும். இருப்பதை அறியாதவனுக்கு அது இல்லாததுதானே!

இவையெல்லாம் நம்மவர் ஆண்டாலும் பிறர் ஆண்டாலும் நாம் கேட்க வேண்டியவை. கேட்காமல் கைதட்டல் மட்டும் வாங்கிக்கொண்டு மலையிறங்கினால், நாமும் அந்த மலைக்குச் சுற்றுலா வந்தவர்களே.

மலைப்பிள்ளையால் முடியுமா என்று எவனாவது உதட்டைப் பிதுக்கினால், 2024ஐ நினைவூட்டு. இதே சவ்வாது மலையின் பழங்குடிப் பெண் ஒருவர், 23 வயதில், உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்று காட்டினார். நீதியின் நாற்காலி எட்டுமென்றால் நிலவும் மீனும் எட்டாமலா போகும்?

அடுத்த கூட்டத்துக்குப் புதூர்நாடு செல்வேன். அந்தத் தந்தையைத் தேடிப் போய்ச் சொல்லுவேன்: "ஐயா, உங்கள் மகள் கேட்டது பெரிய படிப்பு, நீண்ட படிப்பு, முடிவில் வேலை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காத்திருப்பின் விலையை நீங்கள் ஒருவரே கொடுக்க வேண்டும் என்பது அநீதி. அதைப் பகிர்ந்துகொள்ள வைப்பது எங்கள் வேலை."

அப்படிச் சொல்லும்போது, தோழா, எனக்குப் பின்னால் நீ நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நான் மறுபடியும் ஊமையாகத்தான் நிற்பேன்.