காலி கிரகத்துல என்னடா பண்றே?

ஹாஸ்டலில் என் அறையில் இருக்கும் நண்பன் கேட்ட கேள்விதான் தலைப்பு. ராத்திரி ஒரு மணி. நான் 'நோ மேன்ஸ் ஸ்கை' ஆடிக்கொண்டிருந்தேன். திரையில் ஊதாப் புல், மஞ்சள் வானம், முயலுக்கும் நண்டுக்கும் பிறந்த மாதிரி ஒரு ஜந்து. பத்து நிமிஷம் பின்னால் நின்று பார்த்தான். யாரும் யாரையும் சுடவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு அவன் தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் போச்சு.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை (தெரிந்தவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவிவிடுங்கள்). இங்கிலாந்தில் உள்ள ஹலோ கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட கேம் இது. இதில் மொத்தம் 18,446,744,073,709,551,616 கிரகங்கள் என்று கணக்கு. ரெண்டின் 64-வது அடுக்கு. கிரகத்துக்கு ஒரு விநாடி ஒதுக்கினாலும் பார்த்து முடிக்க 58,500 கோடி வருஷம் ஆகும். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து வரையவில்லை. ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு எண் உண்டு. அதை ஃபார்முலாவில் போட்டால் மலை, கடல், செடி, ஜந்து எல்லாம் விடையாக வரும். நீங்கள் கிட்டே போகும்போது கம்ப்யூட்டர் கணக்குப் போடும், கிளம்பியதும் அழித்துவிடும். திரும்பப் போனால் அதே கணக்கு, அதே விடை. உங்களுக்கு வரும் மலைதான் எனக்கும் வரும்.

யோசனை ஒன்றும் புதுசு இல்லை. 1984-லேயே டேவிட் பிராபன், இயான் பெல் என்ற ரெண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'எலைட்' என்ற கேமில் இதைச் செய்துவிட்டார்கள். பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர், மொத்த நினைவகமே 32 கேபி. (இன்றைக்கு ஒரு குட்மார்னிங் படம்கூட அதில் அடங்காது.) அதற்குள் 8 கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திரம். அவர்கள் இதைவிடக் கோடிக்கணக்கில் கேலக்ஸி வைக்கத் தயாராக இருந்தார்கள். வெளியிட்ட நிறுவனம்தான் எட்டு போதும் என்றது. அவ்வளவையும் காட்டினால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் குட்டு வெளிப்பட்டுவிடுமே! பிளஸ் டூவில் படித்த குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி ஞாபகம் இருக்கிறதா? அந்த நிறுவனத்தில் யாரோ அதை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள்.

இந்த மாதிரி கேம்கள் எது வந்தாலும் ஒரே குற்றச்சாட்டுதான். காலியாக இருக்கிறது, மொக்கை. 2023-ல் ஆயிரத்துக்கும் மேல் கிரகங்களோடு 'ஸ்டார்ஃபீல்ட்' வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். மொக்கை என்பதை நானும் பல நேரம் ஒத்துக்கொள்வேன். ஆனால் காலியாக இருப்பதுதான் காரணம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2014 டிசம்பரில் அதே பிராபனின் நிறுவனம் 'எலைட் டேஞ்சரஸ்' வெளியிட்டது. நம் பால்வீதியையே அதே அளவில் வைத்து, 40,000 கோடி நட்சத்திர மண்டலங்கள். பெரும்பாலும் பனியும் பாறையும்தான். இதைவிடக் காலியான கேம் கிடையாது. அதில் 2016-ல் ஒரு கூத்து நடந்தது. ஜாக்ஸ் ஸ்டேஷன் என்று ஒரு விண்வெளி நிலையம், கேலக்ஸியின் மறுகோடியில் இருக்கும் பீகிள் பாயின்டுக்கு ஒரே தாவாகத் தாவப் போவதாக அறிவித்தது. தாவியது. போய்ச் சேரவில்லை. எங்கே விழுந்தது என்றும் தெரியவில்லை. ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் தேடக் கிளம்பினார்கள். கடைசியில் சூரியனிலிருந்து சுமார் 22,000 ஒளியாண்டு தூரத்தில், அடிபட்டுக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதோடு விட்டார்களா? அவ்வளவு தூரம் சரக்கு ஏற்றிப்போய்ப் பழுது பார்த்தார்கள். சுற்றிக் குடியேறினார்கள். இன்று அந்தப் பகுதிக்குக் கொலோனியா என்று பெயர்.

2019 ஜனவரியில் பதிமூவாயிரம் பேருக்கு மேல் சேர்ந்து அந்தப் பீகிள் பாயின்டுக்கே பயணம் கிளம்பினார்கள். 65,000 ஒளியாண்டு, மாதக்கணக்கில். வழியில் கப்பல் வெடித்தால் அதுவரை சேர்த்த ஆராய்ச்சித் தகவல் மொத்தமும் அம்போ. பத்திரமாகக் கொண்டுவந்து ஒரு நிலையத்தில் விற்றால்தான் 'முதலில் கண்டவர்' என்று உங்கள் பெயர் ஏறும். எரிபொருள் தீர்ந்து நடுவில் மாட்டிக்கொள்பவர்களுக்கு இலவசமாகக் கொண்டுபோய் ஊற்றவே 'ஃப்யூவல் ரேட்ஸ்' என்று ஒரு கோஷ்டி 2015-லிருந்து இருக்கிறது. ஆள் தேடி வர ஒரு காரணம் இருந்ததால் அத்தனை காலியும் சுவாரஸ்யமாகிவிட்டது.

நோ மேன்ஸ் ஸ்கை முதலில் சறுக்கியதும் இங்கேதான் என்பேன். வெளியான உடனேயே ரெண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியவில்லை! பகலிரவுகூட ஒத்துப்போகவில்லை. 2017-ல் மற்ற ஆட்கள் வெறும் ஒளிப்பந்துகளாகத் தெரிந்தார்கள். 2018 ஜூலையில்தான் முழு உருவத்தோடு சேர்ந்து ஆட முடிந்தது.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த கேமில் மலையும் கடலும் சர்வரில் சேமிக்கப்படுவதே இல்லை, அவை ஃபார்முலா. யார் கண்டுபிடித்தார், என்ன பெயர் வைத்தார், எங்கே வீடு கட்டினார் என்பதுதான் சேமிப்பு. நாளைக்கே சர்வரை மூடினாலும் கேமை வைத்திருப்பவன் அந்தக் கிரகத்தைத் திரும்ப வரவழைத்துவிடலாம். அங்கே போய் வந்த மனுஷங்க பெயரை எந்த ஃபார்முலாவும் திருப்பித் தராது. எலைட் டேஞ்சரஸ் ஆடுபவர்கள் இ.டி.எஸ்.எம். என்று தாங்களே ஒரு பேரேடு நடத்துகிறார்கள். கண்டதையெல்லாம் அதில் ஏற்றுகிறார்கள், யார் வேண்டுமானாலும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். இதை ஆடுபவர்கள் ஏன் செய்ய வேண்டும்? கம்பெனிகள்தான் செய்ய வேண்டும். கடையை மூடும் நாளுக்கு முன்னால் பெயர்ப் பட்டியலை எங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். கிரகத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நண்பனுக்குச் சொல்லாத பதில் ஒன்று பாக்கி. அறுபது மணி நேரம் ஆடியும் நான் போன இடமெல்லாம் யாரும் காணாத இடமாகவே இருந்தது. முதலில் பெருமையாக இருந்தது, பிறகு எரிச்சல். அன்று ராத்திரிதான் முதல்முறையாக இன்னொருவர் வைத்த பெயரைப் பார்த்தேன். அந்த ஊதாப் புல் கிரகத்துக்கு 'காஸா டா வோ' என்று பெயர். தேடிப் பார்த்தால் போர்த்துகீசிய மொழியில் பாட்டி வீடாம். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அதைச் சுற்றும் நிலாவுக்கு இன்னும் யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. 'ஆயா வீடு' என்று ஆங்கில எழுத்தில் அடித்து ஏற்றிவிட்டு வந்தேன். அங்கே போவதற்கான 12 குறியீடுகளையும் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் கேளுங்கள், தருகிறேன். புல்லை மட்டும் மிதிக்காதீர்கள் :-)