கருவறையிலே ஓர் உளவு



சென்ற திங்கள் ஒரு சிற்றூரிலே கூட்டம். கூட்டம் முடிந்து, கொடிக்கம்பங்களைப் பிடுங்கி வண்டியிலே ஏற்றிக்கொண்டிருந்த நேரம். மேடையேறி அரைமணி நேரம் பெண்ணுரிமை பற்றி முழங்கிக் கைத்தட்டல் பெற்ற கிளைச் செயலாளர், என்னைத் தனியே அழைத்துக்கொண்டு வைக்கோற்போர் ஓரமாகச் சென்றார். ஏதோ ஊர்ச் சண்டை, உள்கட்சிக் குழப்பம் என்றெண்ணினேன்.

“அண்ணே, மூணாம் மாசத்து ஸ்கேன்ல சொல்றது சரியா இருக்குமா?” என்றார்.

“எதைச் சொல்வது, தம்பி?” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முதற்குழந்தை பெண். இரண்டாவதும் பெண். வீட்டிலே மூன்றாம் முறையாகக் கருவுற்றிருக்கிறார்கள். பக்கத்து ஊரிலே ஒருவன் இருக்கிறானாம், பையிலே எடுத்துவரும் கருவியோடு. பன்னிரண்டாம் வாரம்கூட ஆகத் தேவையில்லை, பார்த்தவுடன் சொல்லிவிடுவானாம்.

இரண்டு மணி நேரத்துக்கு முன் அவர் ஆற்றிய சொற்பொழிவு என் காதிலே இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆத்திரம் வந்தது, அடக்கிக்கொண்டேன். “ஞாயிற்றுக்கிழமை ஏட்டிலே எழுதுகிறேன், படித்துக்கொள்” என்று கூறி வந்துவிட்டேன். அவர் ஒருவருக்காக மட்டும் எழுதுவதானால் ஓர் அஞ்சலட்டை போதும். அவர் வாய்விட்டுக் கேட்டார். வாய்விடாமல் கேட்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

முதலில் அவர் கேட்ட கேள்விக்கே வருவோம். கேள்வி அறிவியலைச் சார்ந்தது. விடையும் அங்ஙனமே இருக்கட்டும்.

கருவின் பால் என்பது, கரு தரித்த கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. தாயின் முட்டையிலே இருப்பது எக்ஸ் குரோமோசோம் ஒன்றே. தந்தையின் விந்தணு எக்ஸ் கொண்டுவந்தால் பெண், ஒய் கொண்டுவந்தால் ஆண். 1905ஆம் ஆண்டிலேயே நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் அறிஞர், ஒரு வகை வண்டினத்தை ஆராய்ந்து இந்த உண்மையை நிலைநாட்டினார். நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்னமும் நம் வீடுகளிலே “பொட்டையாய்ப் பெத்துத் தள்ளுகிறாள்” என்ற ஏச்சு மருமகளின் தலையிலேதான் விழுகிறது! பால் இன்னதென்று தீர்மானிப்பது ஆணின் அணு. பழி சுமப்பது பெண்ணின் தலை.

கணத்திலே முடிவாகிவிட்டாலும், கண்ணுக்குத் தெரிய நாட்கள் பல ஆகின்றன. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால், ஏறத்தாழப் பத்துப் பதினோரு வாரங்கள் வரையிலும் ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் வெளியுறுப்பிலே வேற்றுமை காண்பது அரிது. இரண்டுக்கும் ஒரே மாதிரியான சிறு முனைப்பு ஒன்றுதான் இருக்கிறது. அந்த முனைப்பு மேல்நோக்கி நிமிர்ந்திருந்தால் ஆண், கிடையாகக் கிடந்தால் பெண் என்பது, அந்த நாட்களின் ஸ்கேன் படத்தை வைத்துச் சொல்லப்படும் கணக்கு. கணக்கு பொய்யன்று. ஆனால் எந்த வாரத்திலே போடுகிறோம் என்பதைப் பொறுத்தே அது மெய்யாகிறது.

இலண்டனில் 1999இல் வெளியான ஓர் ஆய்வு, தேர்ந்த மருத்துவர்கள் நல்ல கருவிகளைக் கொண்டு செய்தது, இவ்வாறு கூறுகிறது: 11ஆம் வாரத்திலே சொன்னவற்றில் நூற்றுக்கு 70 சரி, 12ஆம் வாரத்தில் ஏறத்தாழ 99, 13ஆம் வாரத்தில் பிழையே இல்லை. ஐந்தாம் மாதத்து ஸ்கேனிலும் பிழை மிக அரிது. ஆக, கருவி பொய் சொல்லும் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்த 11ஆம் வாரத்துப் பிழை இருக்கிறதே, அதைச் சற்று உற்று நோக்குங்கள். பிழை இரு பக்கமும் சமமாக விழவில்லை. பெண் கருவை ஆண் என்று சொன்ன தவறு நூற்றுக்கு 5தான். ஆண் கருவைப் பெண் என்று சொன்ன தவறோ நூற்றுக்கு 56! ஆணின் முனைப்பு அந்த வாரத்திலே இன்னும் நிமிரவில்லை. எனவே ஆண் கருவும் பெண்போலவே தோன்றுகிறது. ‘பெண்’ என்று கேட்டுப் பதறி ஓடி, கலைத்துவிட்டு, மீண்டும் ஓர் ஆண் மகவுக்காகத் தவங்கிடப்போகிறவன், தன் ஆண் மகவையே அழித்துவிட்டு வந்திருக்கக்கூடும். நான் அவனுக்காக வருந்தி இதைச் சொல்லவில்லை. அவன் கொடுத்த கூலிக்கு எதை வாங்கி வந்தான் என்பதைத் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன்.

இலண்டன் மருத்துவமனையிலே, பயின்றவர் கையிலே இந்த நிலை. சந்துக்குள்ளே, சன்னலைச் சாத்திக்கொண்டு, கயிற்றுக்கட்டிலிலே படுக்கவைத்துப் பார்க்கிறவன் கதி என்ன? தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகளிலே அண்மை ஆண்டுகளில் பிடிபட்டோர் பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். மருத்துவமே படிக்காதவன், கையடக்கக் கருவி, ஆயிரக்கணக்கிலே கட்டணம், ஆள் பிடித்துத்தரத் தரகர். அவன் வாணிபத்தை எண்ணிப் பாருங்கள். ‘ஆண்’ என்று சொன்னால் ஒரு கட்டணத்தோடு சரி. ஆறு மாதங் கழித்துப் பெண் பிறந்தால் வாசலிலே வந்து சண்டையும் போடுவார்கள். ‘பெண்’ என்று சொன்னாலோ, கலைப்பதற்கு இன்னொரு கட்டணம். சொன்னது பொய்யென்று மெய்ப்பிக்கச் சாட்சியும் இராது. சாட்சியைத்தான் அழித்தாயிற்றே! தவறு செய்தால் இலாபம், தவறு கண்டுபிடிக்கப்படவே வழியில்லை என்றிருக்கும் தொழிலிலே, நாணயத்தை எதிர்பார்க்கும் நண்பர்களை என்னென்பது?

இன்னும் சிலர் ஆறாம் வாரத்திலேயே, நஞ்சு வலப்பக்கம் இருந்தால் ஆண், இடப்பக்கம் இருந்தால் பெண் என்கிறார்கள். கருவின் இதயத் துடிப்பு விரைந்தால் பெண் என்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரமில்லை. காசைச் சுண்டிப்போட்டுப் பார்ப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. கிளி சோதிடன் இப்போது கருவியும் களிம்பும் வைத்திருக்கிறான், அவ்வளவே.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடக்கூடும். “சரி ஐயா, பிழை வருகிறது என்பதால் கூடாது என்கிறீர். நாளை பிழையே வராத கருவி வந்துவிட்டால்?” என்று. நல்ல கேள்வி. நாளை என்ன, நேற்றே வந்துவிட்டது. கருவின் மரபணுத் துணுக்குகள் தாயின் இரத்தத்திலே மிதக்கின்றன என்பதை டென்னிஸ் லோ என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 1997இல் கண்டு கூறினர். ஏழாம் வாரத்துக்குப்பின் தாயின் கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்துப் பார்த்தாலே, நூற்றுக்கு 95க்கு மேல் சரியாகச் சொல்லலாம் என்று 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டிவிட்டார்கள். ஆகவே, பிழையைக் காட்டி அச்சுறுத்தும் வாதம் நமக்கு நெடுநாள் துணை வராது. பிழையில்லாத கருவியை வைத்துக்கொண்டு பிழையான காரியத்தைச் செய்வதா என்பதுதான் வழக்கு. அந்த வழக்கிலே குற்றவாளிக் கூண்டில் நிற்பது கருவியன்று.

கருவியின் பிறப்பை எண்ணிப் பாருங்கள். கிளாஸ்கோ நகரிலே இயன் டொனால்ட் என்ற மருத்துவர், தொழிற்சாலையிலே இரும்பின் உட்புற விரிசலை ஒலி அலையால் கண்டறியும் கருவியைப் பார்த்தார். இதைக் கொண்டு வயிற்றுக்குள் இருக்கும் கட்டியைக் காணலாகாதா என்று எண்ணினார். 1958இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் இன்று ஒவ்வொரு நகரிலும் பலகை மாட்டியிருக்கும் ஸ்கேன் நிலையம். கரு கருப்பையிலேதான் தங்கியிருக்கிறதா, இரட்டையா, மாதக் கணக்கு சரியா, முதுகெலும்பு மூடியிருக்கிறதா, இதயத்திலே குறை உண்டா என்று பார்த்துத் தாயையும் சேயையும் காக்க வந்த கருவி. மேனாடுகள் பலவற்றிலே ஐந்தாம் மாதத்திலே ஆணா பெண்ணா என்று சொல்லியும்விடுகிறார்கள். தொட்டிலுக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நாட்டிலே சொல்லக்கூடாது என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. அந்த வெட்கம் கருவியினுடையதா, நம்முடையதா?

கணக்கு பேசட்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளிலே, ஆயிரம் ஆணுக்கு இத்தனை பெண் என்று மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிறார்கள். இந்தியா முழுமைக்கும் 1961இல் 976. 1991இல் 945. 2001இல் 927. 2011இல் 919. விடுதலை பெற்ற நாட்டிலே பள்ளிகள் பெருகின, பாதைகள் பெருகின, மருத்துவமனைகள் பெருகின. பெண் குழந்தை மட்டும் குறைந்துகொண்டே வந்தது! பஞ்சாபிலே 2001இல் 798. ‘அது வடக்கே’ என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். அதே 2001இல் நம் சேலம் மாவட்டத்தில் 851, தருமபுரியில் 826. சேலத்திலே 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்ததன் காரணத்தை, நம் தாய்மார் அறிவர். அன்று பிறந்தபின் கள்ளிப்பால். பின்னர் பிறக்குமுன்பே கத்தி. பிறகு நிலை ஓரளவு தேறியது என்பதும் உண்மை. 2011இல் தமிழ்நாட்டுக் கணக்கு 943. பத்தாண்டு முன்பு 942. பத்தாண்டுப் பாடுபட்டு ஒன்று!

நம் கிளைச் செயலாளர் கேட்ட கேள்விக்கு நேராகவே ஒரு கணக்கு உண்டு. 1998இல் நாடு முழுதும் 11 இலட்சம் வீடுகளிலே எடுத்த கணக்கை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். முதற்குழந்தை பெண்ணாயிருந்த வீட்டிலே, இரண்டாவதாகப் பிறந்தவற்றில் ஆயிரம் ஆணுக்குப் பெண் 759. முதலிரண்டும் பெண்ணாயிருந்த வீட்டிலே, மூன்றாவதில் 719. முதலில் ஆண் பிறந்த வீடுகளிலோ இந்தக் குறை இல்லவே இல்லை! இயற்கை வீடு பார்த்து, வாசல் பார்த்து, மூத்தது யாரென்று பார்த்துப் பிள்ளை கொடுப்பதில்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த தாய்மாரின் வீடுகளிலே இந்தக் குறை இன்னும் மிகுதி என்பதையும் அதே ஆய்வு கூறுகிறது. படிப்பு வந்தால் எல்லாம் சரியாகும் என்று மேடைதோறும் பேசிவரும் நம்மைப் போன்றோர்க்கு, அந்த வரி நெஞ்சிலே முள்.

காரணம் யாருக்குத் தெரியாது? வரதட்சணையை 1961இலேயே சட்டம் தடுத்தது. மண்டபங்களிலே அது ‘சீர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. மகளுக்குச் சொத்திலே சம உரிமை என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் கண்டது. ஆனால் தங்கைக்குப் பங்கெழுதிக் கொடுத்த தோழர்கள் கையை உயர்த்துங்கள் என்று ஒரு மாநாட்டிலே கேட்க எனக்குத் துணிவில்லை. எத்தனை கை உயரும் என்று எனக்குத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் திருத்தி வலுவாக்கப்பட்ட சட்டம். கருவின் பாலைச் சொல்லாலோ சைகையாலோ வேறெவ்வகையாலோ தெரிவிப்பது குற்றம். ‘இனிப்பு வாங்குங்கள்’ என்பதும் சைகைதான். சொல்கிறவனுக்கு மூன்றாண்டுவரை சிறை, பத்தாயிரம்வரை அபராதம். கேட்டுப் போகிற கணவனுக்கும் உறவினருக்கும் மூன்றாண்டுவரை சிறை, ஐம்பதாயிரம்வரை அபராதம். ஆம், கேட்பவனுக்கு அபராதம் அதிகம்! கருவுற்ற பெண்ணோ, வேறுவிதமாக மெய்ப்பிக்கப்பட்டாலொழிய, கணவனாலோ சுற்றத்தாராலோ வற்புறுத்தப்பட்டவள் என்றே கொள்ளப்படுவாள். சட்டம் எழுதியவர்களுக்கு நம் வீடுகள் தெரிந்திருக்கின்றன.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தன் உடல்நலம் கருதியும், சட்டம் ஏற்கும் வேறு காரணம் கருதியும் ஒரு பெண் கருவைக் கலைத்துக்கொள்ளும் உரிமை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அந்த உரிமையை நாம் ஆதரிப்பவர்கள். பெண் பிறக்கும் என்பதற்காக மாமியாரும் கணவனும் அவளை ஏற்றிக்கொண்டு போவது எவர் உரிமை? அவளுடையதன்று.

கிளைகளிலே உள்ளவர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பையோடு வருகிறவன் எவன், தரகர் யார், எந்த வீட்டுச் சன்னல் சாத்தப்படுகிறது என்பது ஊரிலே எல்லாருக்கும் தெரியும். மாவட்டத்திலே இச்சட்டத்துக்கென உரிய அதிகாரி இருக்கிறார். அவருக்கு எழுதிக் கொடுங்கள். நீதிமன்றம் போகும் எண்ணத்தையும் குறிப்பிட்டுப் பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்தபின், அவர் அசையாவிட்டால், எந்தக் குடிமகனும் எந்தச் சமூக அமைப்பும் நேரே நீதிமன்றத்திலே முறையிடச் சட்டம் இடங்கொடுக்கிறது. கையொப்பமிட ஆள் இல்லையென்றால் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளைச் செயலாளருக்கு: தம்பி, பக்கத்து ஊர்க்காரனைப் பற்றி நீ சொன்னதை நான் மறக்கவில்லை. முதற்புகார் உன் கையெழுத்தில் வரட்டும். அடுத்த திங்கள் அந்தப் பக்கம் வருகிறேன். உன் இரண்டு பெண்களுக்கும் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று கேட்பேன், தங்கச்சியின் உடல்நலம் கேட்பேன். வைக்கோற்போருக்குப் பின்னால் அல்ல, உன் வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து.