நடுவில் ஒன்றரை வருஷம்

சம்பளம் 32,000. அதில் 12,000 குழந்தைக் காப்பகத்துக்கு. டயபர், பால் பவுடர், மாற்றுத் துணி எல்லாம் நாம்தான் கொடுத்தனுப்ப வேண்டும். சாயங்காலம் ஆறரை தாண்டினால் கால் மணி நேரத்துக்கு 100 ரூபாய் தனி. காய்ச்சல் என்றால் பாப்பாவை உள்ளே சேர்க்கமாட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சம்பளம் பிடிப்பார்கள். காப்பகக் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையாது.

"அம்மாவை வரவழைச்சுக்க வேண்டியதுதானே?" என்று கேட்காதவர்கள் இல்லை. என் அம்மா திருப்பூரில் இன்னமும் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அத்தை, பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமாவை விட்டு நகர முடியாது. வேலையை விட்டுவிடலாம் என்றால், என் கணவர் சம்பளம் வீட்டு வாடகைக்கும் கடனுக்குமே சரியாகப் போகிறது. நாங்கள் யாரை வரவழைப்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. 12 வாரமாக இருந்த பேறுகால விடுப்பு 2017-இல் 26 வாரமானது. அது இல்லாவிட்டால் பாப்பாவுக்குக் கழுத்து நிற்கும் முன்பே நான் ஆபீஸ் போயிருப்பேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எங்கள் ஆபீஸில் 22 பேர். ஆடிட்டர் ஆபீஸ், மருந்துக்கடை, சின்ன நர்சிங் ஹோம் என்று எத்தனை பெண்கள் இப்படிப்பட்ட இடங்களில் வேலை பார்க்கிறோம்! எங்கள் பிள்ளைகள் மட்டும் தானாக வளர்ந்துவிடுமா?

தெருமுனையிலேயே அங்கன்வாடி இருக்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் கூப்பிட்டு சத்துமாவு பாக்கெட் கொடுத்தார் டீச்சர். பாப்பாவை விடலாமா என்று கேட்டேன். "ரெண்டு வயசு ஆகட்டும்மா" என்றார். இரண்டு வயது ஆனாலும், நான் ஆபீஸிலிருந்து கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே அங்கன்வாடியைப் பூட்டிவிடுவார்கள்.

விடுப்பு ஆறு மாதத்தில் முடிகிறது. அங்கன்வாடி இரண்டு வயதில் ஆரம்பிக்கிறது. நடுவில் ஒன்றரை வருஷம். பிள்ளை தவழ்வது, விழுவது, முதல் வார்த்தை பேசுவது எல்லாம் அதற்குள்தான். அந்த ஒன்றரை வருஷத்துக்கு அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும். அங்கன்வாடியில் கைக்குழந்தைகளுக்கென்று ஓர் அறை, இரண்டு ஆயா, சாயங்காலம் ஏழு வரை. கட்டணம் கேட்டால்கூட எங்களால் முடிந்ததைக் கட்டுவோம்.

இவ்வளவு வாங்குகிற காப்பகத்தில் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்கும் அக்காவுக்கு மாதம் 9,000தான். போன வியாழக்கிழமை மழை. வேளச்சேரியில் பஸ் நகரவே இல்லை. ஓடிப் போய்ச் சேரும்போது மணி ஏழு. அக்கா தோளில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். நோட்டில் ஆறரை என்று எழுதி, "கையெழுத்துப் போடும்மா" என்று நீட்டினார். குடை இல்லாமலே பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். அவருடைய பெண் ஸ்கூல் விட்டு வந்து, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பாளாம்.