சூடுபடுத்தி வார்க்கும் லைனருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

பனிச்சறுக்கு பூட்ஸ் வாங்கப் போகிறவரைக் கடைக்காரர் கடைசியாக மடக்கும் இடம் ஒன்று உண்டு. எல்லாம் பேசி முடிந்து கார்டை நீட்டும் நேரத்தில், "இன்னும் ஒரு 250 டாலர் போட்டால் உங்கள் காலுக்கே வார்த்துத் தரும் லைனர் போட்டுக்கலாமே" என்பார். 600 டாலருக்கு பூட்ஸ் எடுத்தவருக்கு 250 சின்னத் தொகையாகத்தான் தெரியும். (பட்டுப்புடவை எடுத்த கையோடு மேட்சிங் பிளவுஸுக்கு யாரும் விலை பார்ப்பதில்லையே, அதே கதைதான்.)

முதலில் சமாச்சாரம் என்னவென்று பார்த்துவிடலாம். இந்த பூட்ஸில் வெளியே கெட்டி பிளாஸ்டிக் ஓடு, உள்ளே கழற்றி மாட்டக்கூடிய மெத்தை மாதிரியான லைனர். வார்க்கும் லைனர் இ.வி.ஏ. என்ற நுரைப்பொருளால் ஆனது. சூடுபடுத்தினால் இளகும். இளகியதும் காலை விட்டு, பக்கிளை மாட்டி, பத்து நிமிடம் போல ஆடாமல் நின்றால், ஆறும்போது கணுக்கால் எலும்பு, குதிகால் எல்லாவற்றின் வடிவத்தையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். எடை குறைவு, ஈரம் உறிஞ்சாது, கதகதப்பு அதிகம். கனடாவின் இன்ட்யூஷன், பிரான்சின் பலாவ் எல்லாம் இதில் பெயர் வாங்கியவை. பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யார் வாங்குவது, எப்போது வாங்குவது என்பதில்தான் சிக்கல்.

இன்று நடுத்தர விலைக்கு மேலுள்ள பல பூட்ஸ்களில் கம்பெனி லைனரே ஓரளவு சூட்டுக்கு வளைந்து கொடுக்கும் ரகம். அதையே வார்த்துத் தரச் சொல்லலாம். வார்க்காவிட்டாலும் சில நாள் போட்டு ஓட்டினால் நுரை அமுங்கி காலுக்கு வழிவிடும். பெட்டிக்குள் பாதி இருக்கும் ஒன்றுக்கு மறுபடி காசா?

அதைவிட முக்கியம், ஓட்டின் அளவு. பெரும்பாலான கம்பெனிகளில் 26, 26.5 இரண்டுக்கும் ஓடு ஒன்றேதான், உள்ளே இருப்பதுதான் கொஞ்சம் மாறும். லைனரைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்னால் லேசாகத் தொடும்படி நின்று பாருங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு சென்டிமீட்டர் இடம் இருக்கலாம். மூன்று இருந்தால் ஓடு பெரிசு, எந்த லைனரும் அதைக் காப்பாற்றாது. கடையில் "சுகமாக இருக்கிறது" என்று பெரிய அளவை எடுத்துவிட்டு, மலையில் கால் உள்ளே வழுக்கி விரல் நகம் கறுத்துப் போனபின் லைனரைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அந்த 250 டாலர் தண்டம்.

இனி கணக்கு. வருஷத்துக்கு ஆறு நாள் போகிறவருக்கு ஐந்து வருஷத்தில் 30 நாள், நாளுக்கு 8 டாலருக்கு மேல் விழும். வருஷத்துக்கு 30 நாள் போகிறவருக்கு 150 நாள், நாளுக்கு 2 டாலர்கூட இல்லை. ஆனால் இந்தக் கணக்கு மட்டும் பார்ப்பதும் தப்பு. கொலராடோவில் வேய்ல் என்று ஓர் ஊர் (பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், முழுக்கப் பனி :)). சீசன் உச்சத்தில் அங்கே கவுண்டரில் வாங்கும் ஒருநாள் டிக்கெட்டே 300 டாலரைத் தாண்டும். கால்வலியில் ஒரே ஒரு நாள் அறையில் முடங்கினாலும் லைனர் காசுக்கு மேலேயே போச்சு.

ஆகவே வாங்கவே கூடாது என்பதல்ல. பூட்ஸோடு சேர்த்து முதல் நாளே வாங்குவதுதான் வீண். சரியான ஓடு, பாதத்தைத் தாங்கும் நல்ல உள்பட்டை, இவற்றுக்கு முதல் செலவு. கம்பெனி லைனர் தொளதொளவென்று ஆகி, பக்கிளைக் கடைசிப் பல் வரை இழுத்தும் குதிகால் எழும்புகிறது என்றால், அப்போது கொடுக்கலாம். புது பூட்ஸ் வாங்குவதைவிட மலிவுதான். சப்பைக் குதிகால், உயர்ந்த பாதம் என்று வித்தியாசமான கால் உள்ளவர்கள், தோலில் தோல் ஒட்டிய பட்டையோடு மலையேறி இறங்குகிறவர்கள், கால் சீக்கிரம் விறைத்துப் போகிறவர்கள், இவர்கள் மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்கினால் வார்க்கும் கூலியும் விலையில் அடக்கமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க, காலுறைக்குள் அரிசியைக் கட்டி மைக்ரோவேவில் சூடாக்கி லைனருக்குள் திணித்து வீட்டிலேயே வார்க்கிறவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அரிசிக்கு இப்படியும் ஓர் உபயோகம்! ஆனால் குதிகாலில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டால், மறுபடி சூடுபடுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.