பழி மட்டும் கிரேக்கருக்கா?

பால்கன் வரலாறு பற்றிச் சென்ற வாரம் ஒரு காணொளி பார்த்தேன். ஓட்டோமான் சுல்தானுக்குப் பணம் கொட்டி, பின்னாளில் ருமேனியாவாக இணைந்த வலாக்கியா, மால்டேவியா அரியணைகளை வாங்கிய இஸ்தான்புல் கிரேக்கர்கள், ஃபனாரியர்கள், நூறாண்டுகள் அந்த நாடுகளைச் சுரண்டிக் கொழுத்தார்களாம். ஒரே மூச்சில் கதையை முடித்துவிட்டார்கள். எங்கே திரும்பினாலும் இதே பல்லவி. கேட்டுக் கேட்டு எரிச்சல்தான் மிச்சம்.

அப்படியானால் கான்ஸ்டான்டின் மாவ்ரொகொர்டாட்டோஸை என்ன செய்வது? சுல்தான் அனுப்பிய அசல் ஃபனாரியர் அவர். வலாக்கியாவில் பண்ணையடிமை முறையை 1746-இல் ஒழித்தவரும் அவரே. அடிமைக் குடியானவன் 10 தாலர் கட்டினால் விடுதலை. நிலக்கிழார் வாங்க மறுத்தால் அரசவையில் போய் முறையிடலாம், அங்கே விடுவிப்பார்கள். மூன்றே ஆண்டில், 1749-இல், மால்டேவியாவிலும் அதையே செய்தார். அதற்கு முன்பே மாட்டு வரியை நீக்கி, மற்ற வரிகளை நான்கு தவணையாக்கி, மாவட்ட அதிகாரிகளுக்குச் சம்பளமும் வைத்தவர்.

குடியானவர்கள் ஓடிப்போய் வரி வசூல் படுத்துவிட்டது, அதனால்தான் செய்தார் என்பார்கள். இருக்கட்டுமே! கஜானாவுக்காகவே விலங்கு அறுந்தாலும் அறுந்தது அறுந்ததுதான். அந்த விலங்கைப் பூட்டியது யார்? 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், குடியானவர்களை அவரவர் இருந்த பண்ணையோடு பிணைத்தவர் மிஹாய் விதியாசுல். மண்ணின் மைந்தர், தேசிய வீரர். புக்கரெஸ்ட் பல்கலைக்கழகச் சதுக்கத்தில் குதிரைமேல் சிலையாக நிற்கிறார். கட்டியவருக்குச் சிலை, அவிழ்த்தவருக்கு வசை. இதற்குப் பெயர் வரலாறா?

அந்நிய எசமானிடம் வேலை பார்த்தவரெல்லாம் துரோகி என்ற நினைப்புதான் இதன் வேர். ஆனால் ஃபனாரிய இளவரசர்களின் மகனும் பேரனுமான அலெக்ஸாண்டர் இப்சிலாண்டிஸ்தான் 1821-இல் புருத் ஆற்றைக் கடந்து சுல்தானுக்கு எதிராகக் கொடி தூக்கினார். கான்ஸ்டான்டினின் தந்தை நிக்கோலஸ் புக்கரெஸ்டில் வக்கரெஸ்ட்டி மடத்தைக் கட்டி, பெரும் நூலகத்தையும் அமைத்தார். அந்த மடத்தை 1980-களில் இடித்துத் தள்ளியது துருக்கியரல்லர், கிரேக்கரல்லர். அன்றைய அதிபர் சௌஷெஸ்கு என்ற சுத்த ருமேனியர்.

அந்த நாடுகளில் நிலவிய ரோமா மக்களின் அடிமைத்தனத்துக்கு வருவோம். ஃபனாரியர் அதைத் தொடவில்லை, அது அவர்கள்மீதான உண்மையான குற்றம். ஆனால் 1821-உடன் அவர்கள் ஆட்சி போய்விட்டது. அதன்பின் வந்தவர்கள் உள்ளூர் இளவரசர்கள். உள்ளூர் நிலக்கிழார்களும் மடங்களும் ரோமா மக்களை விற்பதும் வாங்குவதுமாகவே இருந்தார்கள். அடிமைத்தனம் முற்றாக ஒழிய 1855, 1856 வரை ஆயிற்று. அந்த முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளையும் எந்தக் கிரேக்கர் கணக்கில் எழுதுவது?