சொந்த வெப்சைட்டுக்கு எச்.டி.எம்.எல். போதாதா?

சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்துக்கொள்ள ஆசைப்படும் புதியவர்கள் முதலில் கேட்பது, "எந்த லாங்குவேஜ் படிக்க வேண்டும்?" என்பதுதான். பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட், டேட்டாபேஸ் என்று நண்பர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஐந்து வருடம் கழித்து வெப்சைட்டில் கோளாறு வந்தால் உங்களால் சரிசெய்ய முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், லாங்குவேஜைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அதை வைத்துத்தான்.

பி.எச்.பி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தன் பயோடேட்டா பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 1994-ல் எழுதிய சில சிறிய புரோகிராம்கள்தான் அதன் ஆரம்பம். ஆரம்பத்தில் 'பெர்சனல் ஹோம் பேஜ்' என்பதன் சுருக்கமாகத்தான் பி.எச்.பி. இருந்தது. ஆனால் அது வளர்ந்து பெரிய நிறுவனங்களின் வெப்சைட்டுகளுக்கும் போய்விட்டது. வளர்ந்த பிறகு சும்மா இருக்குமா? 2000-களில் புத்தகத்தைப் பார்த்து கெஸ்ட்புக் எழுதியவர்கள் பலரும் டேட்டாபேஸுடன் இணைக்க 'மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்' என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தினார்கள். 2013-ல் வெளியான 5.5 பதிப்பு, இனி இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பில் அந்த ஃபங்ஷனையே நீக்கிவிட்டார்கள். சர்வரில் புதிய பதிப்பைப் போட்டதும், ஒரு வரிகூட மாற்றாத கெஸ்ட்புக் எரர் காட்டி நின்றுவிடும். பழைய பதிப்பிலேயே இருந்துவிடவும் முடியாது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது ஒருநாள் நின்றுபோகும்.

எச்.டி.எம்.எல். இந்த விஷயத்தில் ரொம்பச் சாது. உலகின் முதல் வெப்சைட்டின் 1992-ஆம் வருடப் பிரதியை செர்ன் ஆய்வகம் 2013-ல் மீண்டும் இன்டர்நெட்டில் வைத்தது. இன்றைய பிரௌசரிலும் அதைப் படிக்கலாம். எழுத்தைச் சிமிட்ட வைக்கும் 'பிளிங்க்' டேகை ஃபயர்ஃபாக்ஸ் 2013-ல் கைவிட்டது. அப்போதும் சிமிட்டல்தான் போயிற்று, எழுத்து அப்படியே இருந்தது. (கண்ணுக்கும் நிம்மதி!)

பத்துப் பக்கத்திலும் இருக்கும் மெனுவில் ஒரு லிங்க் சேர்க்க வேண்டுமென்றால் பத்து ஃபைலையும் திருத்த வேண்டுமே என்பீர்கள். நியாயமான புகார்தான். நோட்பேட்++ இலவசமாகவே கிடைக்கிறது. அதில் 'ஃபைண்ட் இன் ஃபைல்ஸ்' மூலம் ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம். மாற்றுவதற்கு முன் ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பக்கத்தைத் தாண்டினால் பி.எச்.பி.யின் 'இன்க்ளூட்' கட்டளையைத் தொடலாம்; அதுவரை வேண்டாம்.

கெஸ்ட்புக் இருந்தே தீர வேண்டும் என்பவர்கள் அதைத் தனி ஃபைலாக வைத்து, மற்றப் பக்கங்களிலிருந்து லிங்க் மட்டும் கொடுங்கள். அது படுத்தாலும் மற்றவை ஓடும். எந்த பி.எச்.பி. பதிப்புக்கு எழுதினீர்கள் என்பதை அந்த ஃபைலின் முதல் வரியிலேயே குறித்து வையுங்கள்.