தேன் தராத தேனீக்கள்



பாஸ்கா திருவிழிப்பில் பாஸ்கா புகழுரை பாடும்போது, திரிக்கு மெழுகு தந்த தேனீக்களையும் திருச்சபை நினைவுகூர்கிறது. ஐ.நா. பொது அவை 2017-இல் அறிவித்தபடி, 2018 முதல் மே 20 உலகத் தேனீ நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் தேனீ என்றதும் நம் நினைவுக்கு வருவது தேன் புட்டி மட்டுமே!

புளிக்கும் சாமைக்கும் தேனுக்கும் பெயர்பெற்ற நம் ஜவ்வாது மலையைப் பாருங்கள். உயர்ந்த பாறைகளில் மலைத்தேனீ, புதர்க்கிளையில் கொம்புத்தேனீ, மரப்பொந்தில் அடுக்குத்தேனீ, சிறு துளைகளில் கொட்டாத கொசுத்தேனீ. இவை தேன் சேர்ப்பவை. உலகில் அறியப்பட்ட தேனீ வகைகளோ 20,000-க்கும் அதிகம். அவற்றுள் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. காய்ந்த மரத்தைத் துளைக்கும் கரிய தச்சுத்தேனீ, வெயில்படும் வெற்று மண்ணில் வளை தோண்டும் தேனீ, இலையை வட்டமாக வெட்டிக் கூடமைக்கும் தேனீ ஆகியவை நமக்கு ஒரு சொட்டுத் தேனும் தருவதில்லை.

காடும் திறந்த வெளியும் சந்திக்கும் ஓரங்களில் இவை எல்லாவற்றுக்கும் இடமுண்டு. பொந்துள்ள மரம் ஒருபுறம், வெயில்படும் மண் மறுபுறம், இடையில் மாறி மாறிப் பூக்கும் செடிகொடிகள். நாமோ அதைத் 'தரிசு' என்கிறோம்; செதுக்கி எரிக்கிறோம்.

இழப்பு யாருக்கு? சாமை விளையத் தேனீ தேவையில்லை. புளிக்கும் பூசணிக்கும் தேவை. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு, மகரந்தச் சேர்க்கைக்காக ஓரளவேனும் பூச்சி முதலிய உயிரினங்களைச் சார்ந்திருப்பதாக 2016-இல் வெளியான பன்னாட்டு அறிக்கை கூறுகிறது. பூ உதிர்ந்து காய் பிடிக்காதபோது முதலில் வாடுவது மலைவாழ் ஏழையின் அடுப்பே.

சீராக்கின் ஞானம் (11:3) தேனீயின் சிற்றுருவையும் அதன் தேனின் சிறப்பையும் எடுத்துரைக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: நமக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும், ஒவ்வொரு படைப்புக்கும் இறைவன் முன் தனி மதிப்பு உண்டு. பயனைக் கொண்டே மனிதரையும் எடைபோடும் நமக்கு இது ஒரு மனமாற்ற அழைப்பு அல்லவா?

பெரிய திட்டங்கள் வேண்டாம். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்ப்போம். தேனெடுப்போர் தீப்பந்தத்தால் கூட்டை அழிக்காமல், தேனுள்ள பகுதியை மட்டும் அறுத்து, புழுக்கள் வளரும் அடையை விட்டுவைக்கட்டும். வரப்போரப் புதரில் கொஞ்சமும், கல்லறைத் தோட்டத்தின் ஒரு மூலையும் அப்படியே இருக்கட்டும்.

நாளைய பாஸ்கா இரவிலும் நாம் தேனீக்களைப் பாடுவோம். அன்று நம் மலையில் அவை இருக்குமா? சிந்திப்போம், செயல்படுவோம்.